மூன்று மணிக்கு வரவேண்டியவள்

...ஆனால் நடக்காத ஒன்றை எப்படி எண்ணுவது, அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'இந்தக் காலாண்டில் தவிர்க்கப்பட்ட அவசர அழைப்புகள் எத்தனை' என்று டேப்லெட்டில் ஒரு கட்டம், அதில் ஏதாவது ஓர் எண் விழுந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும், பூஜ்யம் போட்டால் சிவப்பாகி 'நிச்சயமா?' என்று திருப்பிக் கேட்கும், எனக்கென்ன தெரியும், ஒரு கிழவர் வழுக்கி விழாமல் இருந்தது நான் போய்ப் பார்த்ததாலா, அன்றைக்கு வாசல்படியில் பனி உருகிக் காய்ந்திருந்ததாலா, யாரிடம் போய்க் கேட்பது. எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குத் தலைவன் டுவேன், அவனிடம் கேட்டேன், "ஒரு வீட்டுக்குப் போனா ஒன்னுன்னு போடு டார்லா, கவுண்டி ஆபீஸ்ல எவன் உக்காந்து எண்ணப்போறான்" என்றான். இருபது வருஷத்துக்கு மேல் சைரன் வண்டியில் ஓடியவள் நான், இப்போது சைரன் இல்லாத சின்னக் காரில், முன்கூட்டியே நேரம் சொல்லிவைத்து, வீடு வீடாகப் போகிறேன், சமூகப் பாராமெடிக் என்று சட்டையில் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், எடை பார்க்கிறேன், ரத்த அழுத்தம் பார்க்கிறேன், செவ்வாய்க்கிழமை மாத்திரை செவ்வாய்க்கிழமையே டப்பாவைவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கிறேன், அதோடு முடிந்ததா என்றால் அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் மறுநாளுக்குள் அறிக்கை, ஒரு நகல் டாக்டருக்கு, ஒரு நகல் மாநில அலுவலகத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் தொகுத்துக் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு. அந்த மூன்று மாதம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது, ரெய்னோ பெல்கோலாவின் வரிசையில் ஓர் எடை இன்னும் காலியாகக் கிடக்கிறது, போன தடவை பனிப்புயலில் நான் போகவில்லை, மூன்று மணி வரை காத்திருந்தால் எல்லாவற்றையும் தொகுத்து அனுப்ப நேரம் போதாது, அதனால்தான் மூன்று மணிக்குப் போகவேண்டிய வீட்டுக்குப் பதினொரு மணிக்கே இந்தக் காட்டுப்பாதையின் சேற்றில் காரை உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரெய்னோவின் வரிசை காலியாக இருக்கக் கூடாது, மற்ற யாருடையது இருந்தாலும். அவருக்கு இதயம் பலவீனம், உடம்பில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் எடை ஏறும், எடை ஏறினால் மூச்சு முட்டும், அதனால்தான் எடை எடை என்று உயிரை வாங்குகிறோம். இவருக்கு எடை ஏறவேயில்லை. நான் போகத் தொடங்கிய நாளிலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தது, ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டது, பார்த்துவிட்டு டுலூத் நகரத்தில் இருக்கும் டாக்டர் குளிர்காலத்தில் தண்ணீர் போக்கும் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார், 'மருந்துத் தேவை குறைந்தது' என்ற கட்டத்தில் டிக் அடித்தபோது எனக்கே ஒரு பூரிப்பு, பொய் சொல்வானேன். அடுத்த வாரம் கவுண்டிக் கூட்டத்தில் டுவேன் திரையில் போட்டுக் காட்டப்போவதும் ரெய்னோவின் எடை வரைபடத்தைத்தான், பெயர் இருக்காது, வெறும் கோடு, மேலிருந்து கீழே அழகாக இறங்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷமும் இந்தக் கார் ஓடலாமா வேண்டாமா என்று கை தூக்குவார்கள். ஒரு மனிதனின் ஈரல் நுரையீரல் எல்லாவற்றையும் ஒரு கோட்டுக்குள் அடக்கிவிட முடிகிறதே என்று எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம்தான்.

கதவு இங்கே யார் வீட்டிலும் பூட்டியிருக்காது, தட்டிவிட்டு உள்ளே போனேன், ரெய்னோ சமையலறை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தட்டின்மேல் செய்தித்தாளை மெதுவாக இழுத்து மூடினார். உப்பு மீன், அவர் தொடவே கூடாதது. வாசனையை எந்தச் செய்தித்தாள் மூடும், நானும் அதைத் தின்று வளர்ந்தவள்தானே. இரண்டு நாள் தாடி, கால்சட்டைப் பட்டைகள் தோளைவிட்டு இடுப்பில் தொங்குகின்றன, தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்து கிடக்கிறது, இது யார் என்று ஒரு நொடி தோன்றியது, நான் அறிந்த ரெய்னோ வழுவழுவென்று சவரம் செய்து, கன்னம் சிவந்து, வெள்ளைச் சட்டை போட்டு, கப்பில் காபி ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்.

"மூணு மணிக்கு வர்றவ நீ" என்றார். "இன்னிக்கு அறிக்கை முடிக்கணும் ரெய்னோ, ஒரே ஒரு எடைதான், ஏறி இறங்கிடுங்க, நான் போயிட்டே இருக்கேன்" என்றேன். "இப்படியேவா? மூஞ்சியக்கூடக் கழுவல. வில்ஹோவோட பொண்ணா இருந்துட்டு இப்படித் திடுதிப்புனு வந்து நிக்கறியே. உங்கப்பன் யார் வீட்டுக்குப் போனாலும் படிக்கட்டுலயே ரெண்டு தடவ இருமிட்டுத்தான் உள்ள வருவான்." அப்பாவும் இவரும் ஒரே இரும்புச் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள், அதனால் எனக்கு ஐம்பது தாண்டியும் இந்த வீட்டில் நான் வில்ஹோவின் பெண்தான். முணுமுணுத்துக்கொண்டே எடை மெஷினில் ஏறினார். ஐந்து பவுண்டு கூடுதல். இறங்கச் சொன்னேன், மறுபடி ஏறச் சொன்னேன், அதே ஐந்து. கால்சட்டைக்கும் கம்பளிக் காலுறைக்கும் ஒன்று கழித்தாலும் நான்கு, மூன்று ஏறினாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. ரத்த அழுத்தமும் எங்கேயோ போய் நின்றது, இந்தக் கையில் பார்த்தேன், அந்தக் கையில் பார்த்தேன், பட்டையை அவிழ்த்துச் சுற்றிப் பார்த்தேன்.

என்னதான் ஆயிற்று, மெஷின் கெட்டுவிட்டதா, தரை சாய்ந்துவிட்டதா, நானே ஏறி நின்று பார்த்தேன், என் எடை என்னைக் கைவிடவில்லை, எப்போதும்போல அதே அவமானம். அப்படியானால் மெஷின் சரி. மீனா, மீன் இவ்வளவு செய்யுமா, ஒரு தட்டு மீனில் நான்கு பவுண்டு தண்ணீரா... அல்லது புயலுக்குப் போகாமல் விட்ட அந்த ஒரு தடவைக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டதா, அப்படித் திடீரென்று ஆனால் மனிதர் இப்படி உட்கார்ந்து சாப்பிட மாட்டாரே, முகம் நீலம் பாய்ந்திருக்குமே. டுவேனைக் கூப்பிட்டேன், இந்த வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் போன் எடுக்கும், "அஞ்சு பவுண்டா, அதுவும் இன்னிக்கா" என்றான், "எப்பவும் எத்தன மணிக்கு எடுப்ப?" "மூணு." "அப்ப மூணுக்கே எடு. ஒரே மெஷின், ஒரே நேரம், ஒரே நிலைமை, கையேட்டுலயே போட்டிருக்கு, நான் சொல்லல." அவன் ஏமாற்றச் சொல்லவில்லை, அது உண்மையிலேயே கையேட்டில் இருக்கிறது, நானும் ஒரு தடவைகூட மீறியதில்லை, ஒரே மெஷின், ஒரே நேரம், ஒரே நிலைமை. என்ன நிலைமை... அந்த வார்த்தையை நான் இதுவரை நின்று யோசித்ததேயில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரெய்னோ முற்றத்தில் போய்க்கொண்டிருக்கிறார், கை நிறையப் பிர்ச் மர விறகு, பின்னால் இருக்கும் சவுனாக் குடிசைக்கு, அடுப்பில் கல்லைச் சூடாக்கி ஆவியில் வேர்த்துக் குளிக்கும் அறை அது, நடுவில் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏதோ வானத்தைப் பார்க்க நின்றவரைப் போல முகத்தை உயர்த்திக்கொண்டார், எனக்குத் தெரியாதா அது மூச்சுக்காக நிற்பது என்று, பிறகு நடந்தார். கொஞ்ச நேரத்தில் குடிசையின் குழாயிலிருந்து புகை. திரும்பி வந்தவர் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். "மூணு மணி வரைக்கும் உக்காந்து காபி குடி. அப்புறம் நிறுத்துப் பாரு, சரியா இருக்கும்." "எது சரியா இருக்கும்?" "எடைதான். கல்லு நல்லாச் சூடாயிட்டா ஒரு மணி நேரம் வேர்த்தாப் போதும், இறங்கிடும். எப்பவும் அப்படித்தான இறங்குது." நான் கப்பைக் கீழே வைத்தேன். "எப்பவும்னா?" "நீ வர்ற அன்னிக்கெல்லாம். பின்ன என்ன, வெளி ஆள் ஒருத்தி வீடு தேடி வர்றா, உடம்பத் தொட்டுப் பாக்கறா, குளிக்காம எப்படி நிக்கறது, நீ என்ன என் பொண்டாட்டியா?"

இவர் என்னை ஏமாற்றவில்லை, அதுதான் இதில் வேடிக்கை, முகத்தில் ஒரு கள்ளத்தனமும் இல்லை, மாறாகக் கொஞ்சம் பெருமை. எங்கள் ஊரில் பாதிரியார் வந்தால் குளிப்பார்கள், பல் டாக்டரிடம் போகக் குளிப்பார்கள், என் அம்மா ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போகிற அன்றெல்லாம் விடியலிலேயே சவுனாவைப் பற்றவைப்பாள், கல்மேல் தண்ணீர் சீறுகிற சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம், எனக்கு இது தெரியாத சங்கதியா, வேர்த்து எழுந்தால் எடையோடு ரத்த அழுத்தமும் கொஞ்ச நேரம் இறங்கி நிற்கும் என்பதும் தெரியாததா. ஈரத் தலையும் சிவந்த கன்னமுமாகக் கதவு திறக்கும் ரெய்னோவை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், 'தோலின் நிறம்: நன்று' என்று போட்டேனே தவிர ஏன் நன்று என்று எனக்குத் தோன்றவில்லை. "சுரங்கத்துல இன்ஸ்பெக்டர் வர்றான்னா தரையெல்லாம் கழுவி விடுவோம்" என்றார், காபியை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "அவனும் வருவான், பாப்பான், சுத்தமா இருக்குன்னு எழுதிட்டுப் போவான், எல்லாருக்கும் சந்தோஷம்." "அடியில?" "அடியில தண்ணி கசிஞ்சுகிட்டுதான் இருக்கும். அத அவன் கேக்கலியே."

சைரன் வண்டியில் போன காலத்தில் யாரும் எனக்காகக் குளித்ததில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கிடந்தவரைத் தூக்கியிருக்கிறேன், வாயில் கேக்கோடு, ஒற்றைச் செருப்போடு, அடுத்தவன் மனைவியின் படுக்கையில், எப்படி இருந்தார்களோ அப்படியே, நானும் அப்படியே அவர்களைத் தெரிந்துகொண்டேன், நேரம் சொல்லாமல் போனதால். அன்றைக்கு ஒருவரைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் எல்லாம் தெரிந்தது, இன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதியும்... நான் எழுதியதெல்லாம் என்ன, மூன்று மணி ரெய்னோ. மூன்று மணி ரெய்னோவுக்கு மாத்திரை பாதி போதும். மற்ற நேரத்து ரெய்னோவுக்கு யார் மாத்திரை கொடுப்பது. இந்த எண்ணம் வந்ததும் பயந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்து காலுறையை உருட்டி இறக்கினேன், கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன், குழி அப்படியே நின்றது, உள்ளே தண்ணீர். "ராத்திரி எப்படித் தூங்கறீங்க?" "நல்லாத் தூங்கறேன். அதான் ஒவ்வொரு தடவையும் சொல்றேனே." "எங்க தூங்கறீங்க?" காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தச் சாய்வு நாற்காலியில. படுத்தா அடைக்குது." "எப்பலேர்ந்து?" "மாத்திரய உடைச்சுப் போடச் சொன்னாங்களே, அதுக்கப்புறம்." "ஏன் சொல்லல?" "நல்லாத் தூங்கறீங்களான்னுதான கேட்ட. நல்லாத்தான் தூங்கறேன்." அது உண்மைதான், கட்டத்தில் இருப்பது அந்தக் கேள்விதான், எங்கே என்று கேட்கக் கட்டம் இல்லை.

ஜன்னலோரம் நின்று டாக்டரைப் பிடித்தேன், நர்ஸ்தான் முதலில் வந்தாள், பிறகு அவரே வந்தார், எண்களைச் சொன்னேன், குழியைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன், "ஆனால் உங்கள் அறிக்கையில்..." என்று தொடங்கினார், "தெரியும் டாக்டர், சவுனாவிலிருந்து வந்த எடை அது" என்றேன், டுலூத்தில் எத்தனை வருஷம் இருக்கிறாரோ, எங்கள் பக்கத்துச் சவுனாப் பழக்கம் தெரிந்திருக்கும், அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. முழு மாத்திரை, இப்போதே, இன்றைக்கு மட்டும் இன்னொன்று கூட, நாளைக் காலையில் நேரில் அழைத்துவர வேண்டும், அதற்குள் மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ், சவுனா கூடவே கூடாது. ரெய்னோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்தார். "அவ்வளவு விறகையும் அடுக்கிப் பத்தவெச்சிருக்கேன். நீயாவது போய் உக்காரு, வீணாப் போகுது." "எனக்கு வேல இருக்கு." "உனக்கும் கொஞ்சம் இறங்கும்" என்றார், மெஷினைக் கண்ணால் காட்டி. நான் என் எடையைப் பார்த்ததை இவர் எங்கிருந்து பார்த்தாரோ.

அவர் நாற்காலியில் சாய்ந்த பிறகு மேசையில் டேப்லெட்டைத் திறந்தேன். நிலை: மேம்பட்டது, அப்படியே, சரிவு. சரிவைத் தொட்டேன், காரணம் கேட்டது, உணவு, மாத்திரை தவறியது, போக்குவரத்து வசதி இல்லாமை என்று ஒரு பட்டியல், எதுவும் இல்லை, பாதிரியாருக்குக் குளிப்பதுபோல் எனக்கும் குளித்தார் என்பதற்கு அங்கே இடமில்லை, 'பிற' என்று போட்டேன். முந்தைய பதிவுகளைத் திருத்த வேண்டுமா என்றது. எதைத் திருத்துவது, அவை பொய்யில்லை, அந்த நிமிஷத்தில் அவர் அந்த எடைதான் இருந்தார், ஒரு மனிதனுக்கு எந்த நேரத்து எடை அவனுடைய எடை... திருத்தாமல் விட்டால் டுவேனின் கோடு அழகாக இறங்கிக் கடைசியில் மட்டும் முறித்துக்கொண்டு எழும், நான்கு பேர் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும், கார் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கார் போனால் இந்த மனிதரின் காலுறையை யார் உருட்டுவது. பிறகு அந்தக் கட்டம் வந்தது, தவிர்க்கப்பட்ட அவசர அழைப்புகள். முதல் முறையாகக் கை கூசாமல் ஒன்று என்று போட்டேன், இன்னும் இரண்டு ராத்திரி போயிருந்தால் இவரைச் சைரனில்தான் தூக்கியிருப்போம், சந்தேகமில்லை. போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவிர்த்தவள் நான், சரி, உண்டாக்கியது யார், பாதி மாத்திரை என் அறிக்கையைப் படித்துத்தானே வந்தது, இரண்டையும் எழுதிக் கழித்தால் பூஜ்யம், பூஜ்யம் போட்டால் அது 'நிச்சயமா?' என்று கேட்கும். ஒன்றை அழித்தேன், மறுபடி போட்டேன், அனுப்ப இங்கே சிக்னல் போதாது, மேட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று மூடினேன். கிளம்பும்போது ரெய்னோ கண்ணைத் திறக்காமலே கேட்டார், "நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?" சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன், "காலையில" என்றேன், "காலையிலன்னா?" என்றார், "காலையிலதான்" என்றேன்.

மேட்டில் காரை நிறுத்தினேன், சிக்னல் நன்றாகவே இருந்தது, ஐந்து மணிக்கு இன்னும் நிறைய நேரம், விரலை 'அனுப்பு' மேல் கொண்டுபோனவள் எதற்கோ நிமிர்ந்தேன், கீழே ஏரிக்கரையில் லெம்பி ஹார்யுவின் வீடு, நான்கு மணிக்கு நான் போகவேண்டிய வீடு, ரத்த அழுத்தத்துக்காக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன், பிரமாதமாகக் குறைந்திருக்கிறது, இதே அறிக்கையில் ரெய்னோவுக்கு அடுத்த வரிசை அவளுடையது, மேம்பட்டது என்று போட்டிருக்கிறேன். அவள் வீட்டுப் பின்புறத்தில் இருந்து மெல்லிசாகப் புகை. இன்று செவ்வாய், இந்தப் பக்கத்தில் சனிக்கிழமைதான் சவுனா, எல்லா வீட்டிலும், நான் பிறந்ததிலிருந்து. எத்தனை செவ்வாய்க்கிழமை இந்த மேட்டில் இறங்கியிருக்கிறேன், புகையைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கியிருக்கிறேன், ஊரே எனக்காகக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறதா... சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, எது முதலில் என்று தெரியவில்லை. லெம்பிக்குப் பின்னால் இன்னும் எத்தனை வரிசை, எத்தனை 'மேம்பட்டது'. புகை இன்னும் கனக்கவில்லை, இப்போதுதான் பற்றவைத்திருப்பாள், இன்னும் உள்ளே போயிருக்க மாட்டாள். போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போனால் அதற்குள் தலையை வாரி, முகத்தைக் கழுவி, மேசையைத் துடைத்து, தெரிந்த லெம்பியாக வந்து நிற்பாள், சொல்லாமல் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது, அழுக்கோடு பிடித்துவிட்டேன் என்று ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். ஆனால் அவள் எப்படித்தான் இருப்பாள், இத்தனை நாள் பார்த்தும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அறிக்கையை அனுப்பாமல் டேப்லெட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டேன், கீழே இறங்கி, காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன், படிக்கட்டில் கால் வைத்ததும் நின்று, இரண்டு தடவை இருமினேன்.